வாய்தா நாளில் மட்டும் பார்த்த மகள்

சகோதர சகோதரிகளே, என் மகள் எஸ்தருக்கு ஒன்றரை வயதில் வலது கால் விழுந்துவிட்டது. எண்பத்தொன்பதாம் வருஷ மழைக்காலம். பெருங்களத்தூரில் ஒரு தனியார் கிளினிக்கில் தடுப்பூசி போட்டோம். இரண்டு நாளில் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியது, கால் எழவில்லை.

ஊசியால்தான் என்று நான் சொன்னேன். வேறு காரணத்தாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நஷ்டஈடு கேட்டு செங்கல்பட்டில் கேஸ் போட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராக ஏறினால் நாக்பூர், ராய்ப்பூர் என்று மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டேன். என் மனைவி லில்லி பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையோடு ஊரப்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. போக எனக்கும் முகமில்லை.

வாய்தாவுக்குப் பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் வக்கீல். அதனால் வாய்தா அன்று மட்டும் எஸ்தரைப் பார்ப்பேன். எங்கே இருந்தாலும் லாரி மாறி மாறி வந்துவிடுவேன். ஸ்டேஷனிலிருந்து கோர்ட் வரைக்கும் தோளில் தூக்கிப் போவேன். என் முடியைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடிக்காகவே அடுத்த வாய்தாவரை உயிரோடு இருப்பேன்.

தாம்பரத்தில் நடந்த வீட்டு ஜெபத்தில் எல்லாரும் எனக்காக, "கேஸ் சீக்கிரம் முடியட்டும்" என்று ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். லாரியின் மேல் தார்ப்பாயில் படுத்துக்கொண்டு வேறு மாதிரி கேட்டேன்: "ஆண்டவரே, கேஸ் முடிந்தால் என் பிள்ளையை எப்படிப் பார்ப்பேன்?"

நாலு வருஷம் கழித்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினார்கள். யார்மேலும் குற்றம் இல்லை. காலைத் தாங்க மாட்டும் இரும்புக் காலிபருக்கும் ஆபரேஷனுக்கும் ஆகிற பணத்தைக் குழந்தை பெயரில் பாங்கில் போடுவார்கள். நியாயமாகத்தான் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் நடக்க வேண்டும் அல்லவா? போட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் லில்லியின் அண்ணன், என் மச்சான், சிரித்தார். "இன்னா மாப்ள, கேசு முடிஞ்சிருச்சு. இனிமே நாக்பூர்தான் உனக்கு மாமியார் வூடு!"

நான் எஸ்தரை லில்லியிடம் கொடுத்தேன். பிள்ளை என் முடியை விடவில்லை.

"அப்பா, அடுத்த வாய்தா எப்போ?"

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டார். லில்லி சாலையைப் பார்த்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை. கோயிலுக்கு இவள தூக்கினு போக என்னால முடியல. வரச் சொல்லு."

வந்தேன். அப்புறம் லாரி ஏறவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். பொழுது சாய்ந்தால் லில்லியோடும் பிள்ளையோடும் வீட்டில் இருக்கிறேன். எஸ்தர் காலிபர் போட்டு நடக்கிறாள். கால் குணமாகவில்லை, அதற்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்துப் பிறந்தவனுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அவனை மடியில் வைத்திருந்தது நான்தான்.

கேஸ் முடியவும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று முன்னுக்குப்பின் முரணாகக் கேட்டவன் நான். ஆண்டவர் இரண்டையும் கேட்டார், இரண்டையும் கொடுத்தார். சபையில் எழுந்து சொல்லக் கூசுகிற ஜெபம் உங்களிடமும் இருக்கலாம். அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.