சிங்கப்பூரில் ஏற்றிய கஞ்சி

வெள்ளவத்தை ரிம்ஸான் மென்பொருள் எழுதுபவர். எதையும் அரைகுறையாகச் செய்யாதவர் என்று பெயரெடுத்தவர். எந்தப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று ஃபோனில் கேட்டால் உடனே பதில் சொல்லும் சேவர் நிரல் ஒன்றை அவர் எழுதினார். அதைக் கொன்டெய்னர் என்ற மென்பொருள் பொதிக்குள் கட்டி, சிங்கப்பூரிலுள்ள கிளவுட் கணினியில் ஏற்றிவிட்டு, பள்ளிவாசல் நிர்வாகி அஸாம் ஹாஜியாரிடம், "இனிக் கொழும்பே இருண்டாலும் இது நிக்காது" என்று வாக்கும் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். பள்ளிகள் அனுப்பும் கஞ்சி விவரம், பரிசோதனைக்காக வைத்தபடியே, அவருடைய வீட்டு லெப்டொப்பில் கிடந்தது. சிங்கப்பூர் ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய சாப்பாட்டு மேசையைக் கேட்டுத்தான் பதில் சொன்னது.

முதல் நோன்பன்று மாலை ஐந்தரைக்குப் பதில் வருவது நின்றது. சனம் சட்டியோடு பள்ளிக்குப் பள்ளி அலைந்தது. ஹாஜியார் அழைத்தார்.

"தம்பி, என்ன நடந்த?"

"சிங்கப்பூர்ல சின்னப் பிரச்சினை, ஹாஜியார்."

"சிங்கப்பூர நான்தான் மூடி அலுமாரிக்கு மேல வச்சன்," என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி ஷபீகா, மெல்லிய குரலில். "நோன்பு திறக்கப் பொரிச்ச றோல்ஸ் வைக்க மேசையில இடமில்ல."

ரிம்ஸான் றோல்ஸ் தட்டைத் தூக்கிவிட்டு லெப்டொப்பைத் திறந்து வைத்தார்.

"ஆ, இப்ப வருது. அங்க என்ன செஞ்சாங்க?" என்றார் ஹாஜியார்.

நோன்பு வாயோடு இரண்டாவது பொய் சொல்ல ரிம்ஸானுக்கு மனம் வரவில்லை.

"றோல்ஸ் தட்டைத் தூக்கினாங்க, ஹாஜியார்."



"அங்கயும் நம்மட ஆக்களா? நல்லது."