ஒருசந்தி

தவக்காலம் வந்தால் ஓடைப்பட்டிக் கோயில் தெருவில் வியாகுலமேரிக்குத் தனி மதிப்பு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ஒருசந்தி. இரவில் மட்டும் ஒருவேளைச் சாப்பாடு. பகலெல்லாம் திராட்சைப் பந்தலுக்கடியில் கைகளைத் தூக்கியபடி குலைகளில் கெட்ட காய்களைக் கத்தரித்துக்கொண்டிருப்பாள். மற்ற பெண்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது, கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

"பசிக்கலையா?" என்று கேட்டால், "ஆண்டவரு தாங்கிக்கிறாரு" என்பாள்.

அவள் அதை நம்பினாள். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு, தன்னுடையது என்று அவள் நினைத்தது அது ஒன்றைத்தான்.

போன மார்கழியில் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு விழுந்தது. புகையிலையை இப்போதே விட்டால் புற்று வராமல் தப்பிக்கலாம் என்று தேனியில் டாக்டரம்மா சொன்னார். மகள் அனிதா மேரியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து, புகையிலையை விட்டாள்.

தவக்காலம் தொடங்கியது. பசி வந்தது. அவளுக்கு அது புதிது. முதல் வாரமே பந்தலுக்கடியில் கத்தரி கைநழுவி விழுந்தது. யாரும் பார்க்காதபோது காய்களைத் தின்றாள். வீட்டுக்கு வந்ததும் பானையில் கைவிட்டுச் சோறு தின்றாள். ஜாக்கெட் இறுகியது.

"ஏத்தா மேரி, ஒருசந்தி இருந்தா எங்களுக்கெல்லாம் உடம்பு வத்துது. உனக்கு மட்டும் ஊதுது!" என்றாள் கூட வேலை செய்யும் செபமாலை.

"காத்தைக் குடிச்சு வளருறேன். போடி."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

திட்டைக் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டாள். "பேய்ப்பசியா இருக்கும்மா. அடக்குறதுக்கு ஊசி இருக்கா?"

"புகையிலையில இருக்குற நிகோடின் மூளையில பசியை அமுக்கி வச்சிருந்துச்சு. இப்ப அது இல்ல, பசி திரும்பிருச்சு. உங்களுக்கு மாதவிலக்கும் நின்னுருச்சு. அந்த ஹார்மோன் குறைஞ்சாலும் பசி கூடும், எடை ஏறும். உங்க தப்பு இல்லம்மா. பட்டினி கிடக்காதீங்க."

"அப்ப முன்னாடி பசிக்காம இருந்தது?"

"அதுவும் புகையிலைதான்."

டாக்டரம்மா ஆறுதலாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, இத்தனை வருடம் இருந்த ஒருசந்திகளை நினைத்துப் பார்த்தாள். எதிலும் பசி இல்லை. பசியே இல்லாமல் ஆண்டவருக்கு எதை ஒப்புக்கொடுத்தாள்?

ஆண்டவர் சிலுவையில் மரித்த பெரிய வெள்ளியன்று ஒருநாளாவது பசியோடு இருந்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள். உச்சிப்பொழுதில் கண் இருட்டியது. எழுந்து பெட்டிக்கடை வரை போனாள். தொங்கிய புகையிலைச் சரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து பழைய சோற்றைப் பிழிந்து வைத்துத் தின்னத் தொடங்கினாள்.

அனிதா உள்ளே வந்தாள். "அம்மா, இன்னிக்குமா?"

"புகையிலை போட்டா பசிக்காது. போடட்டுமா?"

தெருவில் சிலுவைப் பாதை ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அனிதா கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

சாயங்காலம் கோயிலில் சிலுவையை முத்தமிட வரிசை நின்றது. வியாகுலமேரி சுவரோரம் முட்டிபோட்டிருந்தாள். வரிசையில் நின்ற செபமாலை விலகி இடம்விட்டாள்.

"முன்னாடி போத்தா. நீ போகாமயா?"

"நீ போ."

வரிசை அவளைக் கடந்து போனது.