லொறி வழிவிடாத நாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் வண்டிப் பைத்தியம். ஓட்டோ கியர் நல்லதா, கையால் போடும் கியர் நல்லதா, ஜப்பான் வண்டியா, இந்திய வண்டியா என்று விடிய விடியப் பேசுவார்கள். பேச்சு ரேஸ் பக்கம் திரும்பினால், என் அப்பா என் மாமாவின் காரை மறித்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் கதையைப் பரப்பியவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

இலங்கை மலைநாட்டில், எல்கடுவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா தோட்டத்து லொறி ஓட்டினார். ஃபெக்டரியிலிருந்து தேயிலை மூட்டைகளை மாத்தளைக்கு இறக்குவது அவர் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, சொந்தமாக ஒரு கறுப்புக் கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடினார். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் லயத்தில் முதன்முதலாகச் சொந்த வண்டி வைத்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வண்டிகளும் பீலிக்கரைக்கு வரும். தண்ணீர் விழும் இடத்தில் வண்டி கழுவுவதைப் பார்க்க லயமே கூடும். அங்கேதான் வாக்குவாதம் நடக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டால் பெட்ரோலும் மிச்சம், வண்டியும் பறக்கும் என்பது மாமாவின் கட்சி.

"மச்சான், ஒங்க லொறி எறங்குறத விட எங்க வீட்டு ஆடு வெரசா எறங்கும்."

"ஆடு எறங்கிருச்சு மாப்புள. நீ எறங்கினப்பறம் சொல்லு."

எல்லாரும் சிரிப்பார்கள். மாமா விடமாட்டார். தோட்டத்தை நடத்தும் துரையின் வண்டியை நூறு வருசம் ஓட்டினாலும் அது துரையின் வண்டிதானே என்பார். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவார். நான் மாமா கட்சி. அப்பாவுக்கு வேகமாக ஓட்டப் பயம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வெட்கம்.

ஒரு நாள் மாமா பந்தயம் வைத்தார். மாத்தளை மாரியம்மன் கோயிலுக்கு யார் முதலில் போவது என்று பார்ப்போம், தோற்றவர் ஒரு மாதம் மற்றவர் வண்டியைக் கழுவ வேண்டும் என்றார். நான் வழக்கம்போலத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். மறுநாள் காலை லொறி கிளம்பி ஒரு வெற்றிலை போடும் நேரம் கழித்து நாங்கள் கிளம்பினோம். நான் முன் சீட்டில் இருந்தேன்.

இறக்கம் தொடங்கியதும் மாமா கியரைக் கழற்றினார். இஞ்சின் சத்தம் அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நாலைந்து வளைவு தாண்டியதும் ஏதோ கருகும் வாசனை வந்தது. வேகத்துக்கு இப்படி ஒரு வாசனை உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன். மாமா காலால் தட்டித் தட்டி மிதித்தார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். கியர் கம்பியை இழுத்தார், அது கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. கைபிரேக்கையும் இழுத்துப் பார்த்தார்.

அடுத்த வளைவில் அப்பாவின் லொறி தெரிந்தது. மாமா ஹோர்னை அழுத்தினார், அழுத்திய கையை எடுக்கவே இல்லை. வழி கேட்கிறார் என்று நினைத்து நானும் ஜன்னலில் தலையை நீட்டி, ஒதுங்குங்க, ஒதுங்குங்க என்று கத்தினேன்.

லொறி ஒதுங்கவில்லை. பாதையின் நடுவுக்கு வந்தது. முதலில் கொஞ்சம் வேகமாக ஓடியது, பிறகு எங்களை நெருங்க விட்டது. கார் போய் அதன் பின்னால் இடித்தது. என் நெற்றி முன் பலகையில் பட்டு வீங்கியது. இடித்த பிறகும் லொறி நிற்கவில்லை. எங்களை முதுகில் ஒட்டவைத்துக்கொண்டது போல மெல்ல மெல்ல இறங்கி, வளைவுக்கு முன்னால் மண்மேட்டு ஓரமாக நின்றது.

அப்பா இறங்கி வந்து, முதலில் காரின் டயருக்கு ஒரு கல்லை வைத்தார். பிறகு என் நெற்றியைத் தடவிப் பார்த்தார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். தோற்றதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்கு ஆச்சரியம்.

"கால எடு மாப்புள," என்றார் அப்பா. "வண்டி நின்னுருச்சு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீங்க மறிச்சிட்டீங்கப்பா. ஜெயிக்க விடாம மறிச்சிட்டீங்க."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா. மறிச்சேன்," என்றார் அப்பா.

அன்று மாலையே பீலிக்கரையில் எல்லாரிடமும் சொன்னேன். லயம் சிரித்தது. அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. லொறியின் பின்பக்கப் பள்ளத்துக்குத் துரை காரணம் கேட்டபோது, ரிவர்ஸ் எடுக்கையில் மதிலில் இடித்துவிட்டேன் என்றாராம் அப்பா. அப்பாவிடமிருந்து லொறியைப் பறித்து, அவரை இரண்டு மாதம் விறகு வெட்டப் போட்டார்கள். மறித்ததும் போதாமல் பொய்யும் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பெரியவனாகி நானும் லொறிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மலைப்பாதையில் வழி கேட்பவன் ஹோர்னை விட்டு விட்டு அடிப்பான். பிரேக் போனவன்தான் கையை எடுக்காமல் அடிப்பான். அப்பா அன்று ஒதுங்கியிருந்தால், அடுத்த வளைவில் நாங்கள் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடந்திருப்போம். உண்மை வெளியே வந்திருந்தால் மாமாவின் காரில் ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள். அம்மாவும் தம்பியின் முகத்தில் முழித்திருக்க மாட்டாள். இதை அப்பாவிடம் கேட்கலாம் என்று நினைத்தபோது அப்பா இல்லை.

அப்பாவுக்கு லொறி திரும்பக் கிடைத்த வாரத்திலிருந்து, ஞாயிறு தோறும் மாமா வாளியோடு வந்து அதைக் கழுவுவார். பந்தயத்தில் பேசியது ஒரு மாதம். அவர் அப்பா வேலையை விடும்வரை கழுவினார். தோற்காதவர் எதற்குக் கழுவுகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். லொறி முழுவதையும் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்ப்பார். பின்னால் பள்ளம் விழுந்த இடத்தை மட்டும் வெறுங்கையால், மெதுவாகக் கழுவுவார். தும்பு பட்டால் அந்த இடத்தில் பெயின்ட் உரியும், அதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எழுதி முடித்தது: ஆயுதபூசைக்கு மறுநாள், காலை.