சம்பந்தி வீட்டு இடது பக்கம்

டேப்புக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் பெண்டாட்டிக்கே சட்டென்று ஞாபகம் வராது. சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு டேப்பு கனத்துக்கொண்டிருப்பதால் உறவிலும் தெருவிலும் அவர் டேப்புக்காரர்தான். போர்க்காலத்து லாரி, ஜீப்பு எங்கே துருப்பிடித்துக் கிடந்தாலும் மனிதர் மோப்பம் பிடித்துப் போய்விடுவார். அடியில் படுத்து ஒவ்வொரு ரிவிட்டாக அளப்பார். பெயிண்டை நகத்தளவு சுரண்டி, முதலில் அடித்த பச்சை எந்தப் பச்சை என்று பார்ப்பார். எல்லாவற்றையும் படமாக வரைந்து, அந்த வண்டிகளைப் பழையபடி ஆக்குகிற பட்டறைகளுக்குக் கொடுப்பார். அவர் படத்தில் இல்லாத ஆணியைப் பட்டறையில் அடிக்க மாட்டார்கள். இருப்பதை விடவும் மாட்டார்கள். ஒருமுறை ஜீப்பு மட்கார்டில் மாடு முட்டிய பள்ளத்தையும் விசுவாசமாக வரைந்துவிட்டார். இரண்டு ஆட்கள் சுத்தியலோடு உட்கார்ந்து, நல்ல தகட்டில் அதே பள்ளத்தை விழவைத்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தையல்காரர் வீட்டுக்குப் போனார். பையன் நல்லவன், குடும்பமும் நல்லது. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, "சின்னஞ்சிறுசுகளுக்கு இந்த ரூம்தான்" என்றாள் தையல்காரர் மனைவி. அந்த அறையில் மூன்று சுவர்கள் செங்கல். நாலாவது சுவரில் ரோஸ் பெயிண்டுக்கு அடியில் வரிசையாக ரிவிட்டுத் தலைகள். டேப்புக்காரரின் கை தானாகப் பைக்குள் போயிற்று. ஒரே ஒரு அளவு எடுத்திருப்பார், அந்தம்மாள் முகம் சுண்டிப்போனது.

"பொண்ணு குடுக்க வந்த மனுசன் வீட்டை அளக்கறாரே! எங்க வீடு பத்தாதுன்னு சொல்லாம சொல்றாரா?"

உண்மையைச் சொன்னால் அதைவிட வம்பு. அது சுவரே இல்லை, மூன்று டன் ராணுவ லாரியின் இடது பக்கம். தையல்காரரின் அப்பா ஏலத்தில் எடுத்து ஓட்டிவந்தது, அந்த மனையில் வந்து படுத்துவிட்டது. எவ்வளவு தள்ளியும் நகரவில்லை. அவரும் சளைக்காமல் அதையே ஒரு சுவராக வைத்து வீட்டைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அது சுவர். லாரி என்கிற சொல்லே அந்த வீட்டில் யார் வாயிலும் வராது. தெருவுக்கெல்லாம் தெரியும், யாரும் கேட்டதில்லை.

கல்யாணம் என்னவோ நடந்தது. சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றுபோனது. லாரியின் வலது பக்கம் பின்சந்தைப் பார்த்து இருந்ததால், புதருக்குள் புகுந்து திருட்டுத்தனமாக அதை மட்டும் அளந்து முடித்திருந்தார் டேப்புக்காரர். அந்த ரகத்தில் உருப்படியாக மிஞ்சியிருப்பது வேறு ஒன்றும் இல்லை. அந்தச் சமயம் பார்த்து, பட்டறை மெக்கானிக்குக்கு அதே ரக லாரியின் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது.

"அண்ணே, இடது பக்கம் என்னாச்சு? அடுத்த வாரம் தகடு வெட்டறோம். நீங்க தரலேன்னா வலது பக்கத்தையே திருப்பிப் போட்டு அடிச்சிருவோம்."

இரண்டு வலது கையோடு ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது என்று கேட்டது போல் இருந்தது அவருக்கு. மானத்தை மடித்து வைத்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினார்.

கதவைத் திறந்த மகள் குரலைத் தாழ்த்தி, "அப்பா, டேப்பை வெளிய வெச்சிட்டு வாங்க" என்றாள்.

"அதுக்குத்தானேம்மா வந்திருக்கேன்."

"அப்ப தண்ணியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அதற்குள் சம்பந்தியம்மா வந்துவிட்டாள். "வாங்க, வாங்க. இந்தத் தடவை எதை அளக்கறதா உத்தேசம்? கிணத்தையா?"

"சுவத்தை மட்டுந்தான் சம்பந்தியம்மா. இப்பிடி ஒரு சுவரு உலகத்துல வேற எங்கயும் மிச்சமில்ல. ஒரு பட்டறையில இதே மாதிரி ஒண்ணு பண்றாங்க."

"சுவத்தைப் போயி பட்டறையில பண்ணுவாங்களா?"

"இது... சக்கரம் வெச்ச சுவரு" என்று உளறிவிட்டார்.

தையல் மெஷின் சத்தம் நின்றது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க சுவத்துக்கும் இருந்துச்சு. எங்கப்பாதான் கழட்டி வித்துட்டாரு" என்றார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. கட்டிலை நகர்த்தினார்கள், பீரோவை நகர்த்தினார்கள். டேப்புக்காரர் முட்டி போட்டு அளந்துகொண்டே போனார். பீரோ இருந்த இடத்தில், தகட்டோடு தகடாக ஒரு பெட்டி, பூட்டோடு. அந்தக் காலத்துச் சிப்பாய் ஸ்பேனர் வைத்த பெட்டி. இப்போது வீட்டு நகையெல்லாம் அதற்குள். மகளுக்குப் போட்டு அனுப்பிய நகையும்.

"இதுக்குள்ள ஆழம் பாக்கணுமே..."

"பாத்தியாடி உங்கப்பாவை! அன்னிக்கு வீட்டை அளந்தாரு, இன்னிக்கு நகையை அளக்க வந்துட்டாரு!"

"நீ சும்மா இரு" என்று கழுத்திலிருந்த துணி டேப்பை உருவினார் தையல்காரர். "சம்பந்தி, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நான் எடுத்துச் சொல்றேன். உயரம் பதினாறு. வாய் பத்து. இறக்கம் ஒம்போதரை. தையலுக்கு விட்டுச் சொல்லவா, விடாமச் சொல்லவா?"

"விடாமச் சொல்லுங்க. தகடு சுருங்காது."

எல்லாம் முடிந்ததும் சம்பந்தியம்மா படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "பூட்டு இருக்கிற இடம் இதுல வரக்கூடாது. மூடியும் தெரியக்கூடாது. நாலு ஊருக்குப் போற படம், எவன் கையில கிடைக்குமோ!"

ஒரு ரிவிட்டைக்கூட விட்டறியாத மனிதர். பென்சில் காகிதத்துக்கு மேலே நின்றது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இருந்து வாழப்போவது அவள். டேப்புக்காரர் பெட்டியை நாலு பக்கமும் மூடி, மழமழவென்று வரைந்துவிட்டார்.

"இருந்து சாப்பிட்டுப் போங்கண்ணா" என்றாள் சம்பந்தியம்மா.

அந்த லாரி இன்றைக்குக் கண்காட்சிக் கூடத்தில் புத்தம் புதிதாக நிற்கிறது. பெட்டியும் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. மற்றப் பட்டறைகளும் அதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டார்கள். டிரைவரின் எடையைச் சரிக்கட்டவே ராணுவம் இப்படி மூடிய பெட்டி வைத்தது என்று ஒரு நிபுணர் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார்.

"அண்ணே, ஒண்ணுமே வைக்க முடியாத பெட்டி எதுக்குண்ணே அவங்களுக்கு?" என்று மெக்கானிக் கேட்டான்.

"அதான் பத்திரிகையில போட்டிருக்கே, படிடா" என்றார் டேப்புக்காரர்.