மேகம் கூடினால் எழுந்துவிடும் பழக்கம்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வானம் இருட்டினால் நான் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். அது ரைஸ் மில்லில் பிடித்த பழக்கம், பிள்ளைகளா.

குடவாசல் பக்கத்து மில் அது. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் முதலாளி நிலத்தில் கொஞ்சத்தை விற்று மில் கட்டினார். வயலில் எங்கள் அப்பாவை விரட்டி வேலை வாங்கிய பண்ணைக் காரியஸ்தரே இங்கே மேனேஜர். வயலில் சங்கம் வந்துவிட்டது. மில்லில் சங்கம் என்று வாயெடுத்தவன் மறுநாள் கேட்டுக்கு வெளியே நின்றான்.

அவித்த நெல்லைக் காயப்போட இரண்டு சிமெண்டுக் களம், களத்துக்கு ஒரு செட்டு ஆள். மேகம் கூடினால் மேனேஜர் விசில் ஊதுவார். உடனே நெல்லைப் பலகையால் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். பிந்திய செட்டுக்கு மறுநாள் டீ கிடையாது, நாள் முழுக்க ஏச்சு. மேகமே இல்லாதபோதும் ஊதிப் பார்ப்பார். அதனால் ஒரு செட்டு இன்னொரு செட்டோடு பேசுவதில்லை. அவர்கள் பலகையை நாங்கள் ஒளித்து வைப்போம், எங்கள் தார்ப்பாயை அவர்கள்.

பெரியவளே, நீ பிறந்த அன்று, உன் அம்மாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சேதி மத்தியானம் வந்தது. மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கலையட்டும், அப்புறம் போகலாம் என்றார்.

மேகம் கலையவும் இல்லை, பெய்யவும் இல்லை. குவித்தோம், பரப்பினோம், திரும்பக் குவித்தோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெல் துழாவுகிற அக்கா ஒருத்தி சொன்னாள்: "நீ இப்புடியே வானத்தப் பாத்துகிட்டு நில்லு. புள்ள பொறந்து நடந்து வந்து ஒன்னக் கூப்புடும்."

அப்போது எதிர் செட்டு மேஸ்திரி எங்கள் களத்துக்குள் வந்தார். நாங்கள் ஒருவரோடொருவர் பேசி மாதக்கணக்காகியிருந்தது. என் கையிலிருந்த பலகையைப் பிடுங்கினார்.

"போய்யா. ரெண்டு களத்தையும் நாங்க பாத்துக்குறோம்."

மேனேஜர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "கேட்டத் தாண்டுனா திரும்ப வராத."

தாண்டினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீ துணிச்சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். வேலை போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உன்னை வாங்கக் கையை நீட்டியபோது ஓட்டின் மேல் மழை வலுத்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"அதான் வேல போச்சே, இன்னும் அங்க என்ன பாக்குறீங்க? புள்ளயப் பாருங்க."

பார்த்தேன். காது மட்டும் மழையிலேயே இருந்தது. இரண்டு களமும் மூடியிருப்பார்களா, நாளைக்கு அந்த மேஸ்திரிக்கு டீ கொடுப்பார்களா என்று.