களப்பின் நடுவே கிடைத்த தொழில்

அது யுத்த காலம். முன்னேஸ்வரத்துச் சாத்திரியார் என் சாதகத்தைப் பார்த்து, “பொம்பிளைப் பிள்ளைக்கு ஆசிரியத் தொழில்தான் அமையும். இரும்பு ஆகவே ஆகாது” என்றார். அதுவரை அப்பாவோடு வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய என்னை, அதன்பின் அப்பா அதைத் தொடவே விடவில்லை.

உச்சமுனைத் தீவில் ஒரு கல்யாண வீட்டுக்கு அப்பாவும் நானும் வள்ளத்தில் போகும்போது, களப்பின், அந்தக் கடலேரியின், நடுவே எஞ்சின் நின்றது. கடற்படை தடைசெய்த பகுதிக்குக் காற்று எங்களைத் தள்ளியது. அங்கே போனால் சுடுவார்கள்.

“நான் பார்க்கட்டே அப்பா?”

“சாத்திரியார் சொன்னதை மறந்திட்டியா?” என்றவர், தூரத்தில் ரோந்துப் படகைக் கண்டதும், “சரி, கெதியாப் பார் பிள்ளை” என்றார்.

பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்துப் பூட்டி, கயிற்றை இழுத்தேன். எஞ்சின் உறுமியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் என் வேலை என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

இன்று எஞ்சின் திருத்தும் கடை நடத்துகிறேன். என் மகளின் சாதகத்தைக் கல்யாணப் பொருத்தத்துக்கு மட்டும்தான் எடுப்பேன். என்ன தொழில் என்பதை அவளிடமே கேட்கிறேன்.