அமாவாசைக்கு லீவு எடுத்த கம்ப்யூட்டர்

கலைவாணிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து, அதே சத்தத்தில் வளர்ந்து, பக்கத்துத் தெருவிலேயே வாக்கப்பட்டவள் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? அங்கே ஒரு டம்ளர் காபி கேட்பதென்றாலும் கத்தித்தான் ஆகவேண்டும். அதே குரலில்தான் அவள் பாடம் நடத்துவாள், கம்ப்யூட்டரைத் திட்டுவாள், எச்.எம். அம்மாவோடு சண்டையும் போடுவாள்.

தெருக்கோடியில் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். டீச்சர் என்பது பேருக்குத்தான். மெக்கானிக், காவல்காரி, தூசி தட்டுகிறவள் எல்லாமே அவள்தான். பி.சி.ஏ. முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். போய் வந்தே இடுப்பு விட்டுப்போச்சு என்று ஒருநாள் வேலையை உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவளை, தலைமையாசிரியை ரேணுகாம்பாள் வலை போட்டுப் பிடித்துக்கொண்டார். பெற்றோர் சங்கத்துச் சம்பளம். எவ்வளவு என்று கேட்டால் கலைவாணிக்குச் சிரிப்புதான் வரும்.

அவள் வந்தபோது பள்ளியில் ஓர் அறை நிறையச் செத்த கம்ப்யூட்டர்கள் கிடந்தன. ஏதோ ஒரு ஆபீஸ் புதுசு வாங்கினபோது தூக்கிக் கொடுத்த பழசு. ஒன்றைப் போட்டால் அது கண் விழிப்பதற்குள் முதல் பீரியடே முடிந்துவிடும். அதனால் யாரும் போடுவதில்லை. மேலே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

கலைவாணி பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டு லினக்ஸைக் கொண்டுவந்தாள். அது காசு கொடுத்து வாங்கவேண்டாத சாஃப்ட்வேர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றினதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இருந்ததில் தெம்பான மிஷின் ஒன்றை சர்வர் ஆக்கினாள். மற்றதெல்லாம் ஒயர் வழியாக அதன் தயவில் ஓடின. சர்வர் எழுந்தால் எல்லாம் எழும், அது படுத்தால் எல்லாம் படுக்கும். திரையில் தமிழ், விசைப்பலகையில் தமிழ். பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், கதை எழுதி டைப் அடித்தார்கள், அப்பா நெய்கிற புடவையின் கோபுரக் கரையைப் பார்த்து அதைவிட உயரமாக ஒரு கோபுரம் வரைந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தறிக்காரர்களுக்கு மாசத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு, அமாவாசை. அன்றைக்குத் தெரு ஊமையாகிவிடும். தலைக்கு ஊற்றிக்கொண்டு, போய்ச் சேர்ந்த பெரியவர்களுக்குப் படையல் போட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்த லீவு கிடையாது. ஆனால் கலைவாணி தன் லேபுக்கு விட்டுவிட்டாள். தறிக்கு ஓய்வு என்றால் மிஷினுக்கும் ஓய்வு, அன்றைக்குத் தூசி துடைத்த மாதிரியும் ஆச்சு என்று அவள் புத்திக்கு அது ரொம்ப இயல்பாகப் பட்டது. வேறு ஊர்க்காரிக்கு இது தோன்றியே இருக்காது.

அமாவாசை காலை பத்து மணிக்கு சர்வர் தானாக அணைந்துகொள்கிற மாதிரி எழுதி வைத்தாள். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலண்டரைப் பார்த்து அமாவாசைத் தேதிகளை அதில் ஏற்றுவார்கள். அணைகிறபோது திரையில் என்ன வரவேண்டும் என்பதையும் அவர்களே எழுதினார்கள். கலைவாணி அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வீட்டில் படையல் முடித்து, சாப்பிடக்கூட உட்காராமல், பிரஷ்ஷும் துணியுமாக அவள் தாமதமாகத்தான் வருவாள். அதற்குள் எல்லாம் அணைந்து கிடக்கும்.

"ஊரே படுத்துக்கினு இருக்குது, உனக்கு மட்டும் இன்னாடி வேலை?" என்று பக்கத்துத் தெருவிலிருந்து வந்து அவள் அம்மா மாசா மாசம் திட்டுவாள்.

"மிஷினுக்குத்தாம்மா லீவு. தொடைக்கிறவளுக்கு எவன் குடுக்கிறான்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் முனிரத்தினம் வந்து குறுக்கே நின்றார். கெட்ட மனுஷர் இல்லை, தங்கமானவர். அதே பள்ளியில் படித்து, இன்றைக்கு காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கிறவர். படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ஆசை. அறை முழுக்கப் புது கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றார். மிஷின், காசு போட்டு வாங்கின சாஃப்ட்வேர், பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் ஒரே கம்பெனியிடமிருந்து. ஒரே ஒரு நிபந்தனை, அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது.

ரேணுகாம்பாள் கலைவாணியைக் கூப்பிட்டுச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்க ஆளே வந்து பாத்துக்குவாங்களாம்மா. அப்புறம் லேபுக்குத் தனியா ஒரு டீச்சர் எதுக்குன்னு சங்கத்துல கேக்குறாங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

கலைவாணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேலை போகிறது ஒரு பக்கம். அவள் கண்ணுக்குள் வைத்து வளர்த்த அத்தனையும் மறுபடி பெஞ்சுக்கு அடியில் போகப்போகிறதே! கோபம், அழுகை, இரண்டும் ஒன்றாக வந்தது.

"ஒரே ஒரு தபா பெத்தவங்களைக் கூப்பிடுங்கம்மா. அவங்களதையும் காட்டட்டும், நானும் காட்டறேன். அதுக்கப்புறம் போன்னா போயிடறேன். ஆவணி அமாவாசையில வைங்க, அன்னிக்கின்னாதான் தறிக்காரங்க வருவாங்க."

கவனித்தீர்களா? அமாவாசையில் வைங்க என்று சொன்னது அவளேதான்.

அன்றைக்கு லேபில் கால் வைக்க இடமில்லை. குளித்த ஈரத்தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக அப்பாக்கள், மல்லிப்பூவோடு அம்மாக்கள். முன்வரிசையில் முனிரத்தினம். கம்பெனியிலிருந்து விமல்ராஜ் என்று ஒரு பையன், இஸ்திரி கலையாத சட்டையோடு வந்திருந்தான். அவன் கொண்டுவந்த கம்ப்யூட்டர் பளபளவென்று இருந்தது. தட்டினவுடன் எழுந்தது, பாட்டுப் பாடியது, படம் காட்டியது. சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

ஏழாம் வகுப்புப் பெண்ணின் அம்மா துர்கா எழுந்தாள். அவளும் தறியில் உட்காருகிறவள், அவளுக்கும் வாய் நீளம்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதே. நாளைக்கு எம் பொண்ணு வேலைக்குப் போற எடத்துல உன்னுதா இருக்கும், இவருதா இருக்கும்? பழசைக் கட்டிக்கினு அழ முடியுமா?"

"எது இருந்தாலும் பொழச்சிக்குவா துர்கா. எப்டின்னு காட்டறேன், பாரு" என்று கலைவாணி மிடுக்காக எழுந்து எல்லாத் திரைகளையும் போட்டாள். கோபுரக் கரைகள் வரிசையாக வந்தன. கூட்டத்தில் ஒருத்தர் "அது நம்ம வூட்டுக் கரைபா!" என்றுகூடச் சொன்னார். சரி, பிடித்துவிட்டோம் என்று அவள் மூச்சு விடுகிற நேரத்தில் மணி பத்து அடித்தது.

அத்தனை திரையிலும் கொட்டை எழுத்தில் ஒரே வாக்கியம்.

'இன்னிக்கி அமாவாசை. எங்களுக்கு லீவு. நாளைக்கு வாங்க.'

அப்புறம் எல்லாம் படுத்துவிட்டன.

அட கடவுளே! வாரம் பூரா தூங்காமல், ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்து, எதைச் சொல்லலாம் எதை விடலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டவள் இதை மட்டும் நினைக்கவே இல்லை. அமாவாசையன்றைக்குத் தறி ஓடுமா என்று அந்தத் தெருவில் யாராவது யோசிப்பார்களா? அப்படித்தான் இதுவும் அவள் மனசுக்குள் மறைந்துபோயிருந்தது. ரேணுகாம்பாள் பார்த்த பார்வையில் கலைவாணி எரிந்துபோகாதது ஆச்சரியம்.

ஓடிப்போய் சர்வரை மறுபடி போட்டாள். எழுந்தது. அதே வாக்கியத்தைக் காட்டியது. படுத்துக்கொண்டது.

"வைரஸா மேடம்?" என்று விமல்ராஜ் நிஜமான அக்கறையோடு கேட்டான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவி அறை முழுக்கச் சிரிப்பு.

"இன்னா டீச்சர், நீ வளத்தது உன் பேச்சையே கேக்கமாட்டேங்குது?" என்றாள் துர்கா.

கலைவாணிக்குச் சுருக்கென்றது. வந்த கோபத்தில் துர்காவின் கையைப் பிடித்து இழுத்து சர்வர் முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

"எம் பேச்சைக் கேக்கலல்ல? நீயே சொல்லு, கேக்கும்."

"ஐயய்யோ! எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"தமிழ் படிக்கத் தெரியுமில்ல? அது போதும். சீக்கிரம், மறுபடி படுத்துக்கப் போவுது."

சர்வர் எழுந்ததும் கலைவாணி சட்டென்று அமாவாசைத் தேதிகளைத் திறந்து காட்டினாள். ஆவணி, புரட்டாசி என்று மாசப் பெயரோடு வரிசையாக இருந்தன. ஆவணியை மட்டும் அழி என்று விசையைக் காட்டினாள். துர்கா அழுத்தினாள். தறியில் மிதியை அழுத்துகிற பழக்கமோ என்னவோ, அழுத்தின விரலை எடுக்கவே இல்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசி போனது, பங்குனி வரைக்கும் எல்லாம் போய்த் திரை துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் சர்வர் அணையவில்லை. பக்கத்துத் திரைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"கேட்டுச்சே!" துர்கா தன் விரலையே பார்த்தாள். "நான் சொன்னதைக் கேட்டுச்சே!"

"கேட்டுச்சு, சரி" என்று பின்னாலிருந்து ஒரு தறிக்காரர் எழுந்தார். "இனிமேப்பட்டு லீவே கிடையாதா அதுக்கு? இன்னாம்மா அநியாயம் இது!"

"ஆமாப்பா, பாவம்! எல்லா அமாவாசையும் பூடுச்சே!" என்று இன்னொருத்தர்.

ஒரே ஒரு தட்டலில் பழையதையெல்லாம் திருப்பி வரவழைக்கலாம். கலைவாணிக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் மூச்சு விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "தேதியெல்லாம் யாருக்காவது ஞாபகம் இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

அமாவாசைத் தேதியைத் தறிக்காரனிடமா கேட்பது! நாலு மூலையிலிருந்தும் கத்த ஆரம்பித்தார்கள். துர்கா ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஐப்பசிக்கு வந்தபோது சண்டையே வந்துவிட்டது. தீபாவளியன்றைக்கே அமாவாசையா, மறுநாளா என்று இரண்டு கட்சி. முனிரத்தினத்தால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"மறுநாள்தான்யா! எங்கப்பாரு தறியில உக்காந்த காலத்துலேர்ந்து நான் பாத்துக்கினு இருக்கேன். எழுதும்மா, நான் சொல்றேன். அப்புறம் தை அமாவாசையை வுட்டுடாதே!"

எல்லாம் ஏறி முடிந்ததும் கைதட்டினார்கள். முனிரத்தினம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு விமல்ராஜ் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க மிஷின்ல இந்த மாதிரி அமாவாசை லீவு போட முடியுமா?"

விமல்ராஜ் நல்ல பையன், பொய் சொல்லவில்லை. "எனக்கு உள்ள கை வைக்க அனுமதி இல்ல சார். ஹெட் ஆபீசுக்கு எழுதிக் கேக்கணும். அவங்க ஒத்துக்கினா செய்வாங்க."

"நம்ம அமாவாசைக்கு எவனோ ஒத்துக்கணுமா?" என்றாள் துர்கா. கம்ப்யூட்டர் முன்னாலிருந்து அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. "நானே அழிச்சேன், நானே எழுதினேன். எம் பொண்ணுக்கும் இப்டித்தான் வேணும்."

முனிரத்தினம் விமல்ராஜ் தோளில் கை போட்டார். "மிஷின் மட்டும் குடு தம்பி. உள்ள போடறதை இந்தப் பொண்ணு போட்டுக்கும்" என்றார். கூட்டம் சரி என்று கத்தியது. விமல்ராஜுக்கும் வருத்தமில்லை, மிஷின் விற்றால் போதும் அவனுக்கு. கலைவாணி, அவ்வளவு பெரிய வாய்க்காரி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

புது மிஷின்கள் வந்து இறங்கின. லினக்ஸ் ஏறியது. துர்கா மட்டும் தினம் சாயங்காலம், தறியை விட்டு இறங்கி, பெண்ணைக் கூட்டிப்போகிற சாக்கில் லேபில் வந்து உட்கார்ந்து என்னமோ தட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால், "போ டீச்சர், உன் வேலையைப் பாரு" என்பாள்.

புரட்டாசி அமாவாசை வந்தது. வழக்கம்போல அம்மா திட்ட, வழக்கம்போல செருப்பை மாட்டிக்கொண்டு, பிரஷ்ஷும் துணியுமாக, அன்றைக்கு மட்டும் பத்து மணிக்கு முன்னாலேயே கலைவாணி கிளம்பினாள். புது மிஷின்கள் சொன்னபடி படுக்கின்றனவா என்று பார்க்கவேண்டுமே. லேபில் துர்காவும் இரண்டு தறிக்காரர்களும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் துணி. என்ன என்று கேட்பதற்குள் மணி பத்தாகி, அத்தனை திரையிலும் எழுத்து வந்தது.

'இன்னிக்கி அமாவாசை. எங்களுக்கு லீவு. கலைவாணி டீச்சருக்கும் லீவு. தூசி நாங்க தொடைச்சிக்கிறோம், வூட்டுக்குப் போம்மா.'

துர்கா அவள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கலைவாணி அமாவாசைப் பாயசத்தை வீட்டில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடித்தாள்.